பழைய பிரிட்ஜும் வெற்றிலைக் கறையும்: வீட்டில் பராமரிக்கும் முறை

அம்மா பல் கட்டிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கும்பகோணத்துக்காரி, வெற்றிலை, சீவல், டிகிரி காபி மூன்றும் உண்டு. "பல்லு பழுப்பேறிப் போச்சுடா, வெளுக்க வழி இருக்கா?" என்று கேட்டாள். நிறத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் பிரிட்ஜின் அடிப்பக்கம்.

இரண்டு பக்கத்துப் பற்களைச் சீவித் தொப்பி மாட்டி, நடுவே பொய்ப்பல்லை நிறுத்துவதுதான் பிரிட்ஜ். பொய்ப்பல் சொத்தையாகாது. தாங்குகிற பற்கள்தான் சொத்தையாகும். தொப்பி முடிகிற விளிம்பில் ஆரம்பித்து உள்ளே போகும். வேர் சிகிச்சை செய்த பல்லென்றால் வலியும் தெரியாது.

1. மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட், காலையும் இரவும் இரண்டு நிமிடம். பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து ஈறோரம் தேயுங்கள்.

2. இரவில் அடிப்பக்கம். மருந்துக்கடையில் 'சூப்பர் ஃப்ளாஸ்' கேளுங்கள். ஒரு முனை விறைப்பாக இருக்கும், நடுவில் பஞ்சுபோல் உப்பியிருக்கும். ஊசியில் நூல் கோர்ப்பதுபோல, விறைப்பான முனையைக் கன்னத்துப் பக்கமிருந்து பொய்ப்பல்லுக்கு அடியில் நுழைத்து நாக்குப் பக்கம் இழுங்கள். பஞ்சுப் பகுதி அடியில் வந்ததும் இப்படியும் அப்படியும் ஐந்தாறு முறை. பிறகு தாங்கும் பல்லை அணைத்தாற்போல் வளைத்து மேலும் கீழும் தேய்த்து, பக்கவாட்டில் உருவிவிடுங்கள். அம்மாவுக்கு முதல் நாள் கால் மணி நேரம் ஆனது. எனக்கு இரண்டு திட்டு விழுந்தது. இப்போது டிவி பார்த்துக்கொண்டே செய்கிறாள்.

தொடக்கத்தில் லேசாக ரத்தம் கசியும். ஒரு வாரம் தாண்டியும் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கூச்சப்படாமல் நூலை மோந்தும் பாருங்கள். தினமும் சுத்தம் செய்தும் நாற்றம் போகவில்லை, கடிக்கும்போது பிரிட்ஜ் ஆடுகிறது என்றால் உள்ளே அதை ஒட்டியிருக்கும் சிமெண்ட் விட்டுப்போயிருக்கலாம்.

3. இனி நிறம். வெற்றிலைக் கறையும் காபிக் கறையும் பல்லின் மேலே படிந்தவை; டாக்டர் க்ளீனிங் செய்தால் பெரும்பாலும் போய்விடும். செங்கல் தூள், கரி, உப்பு வேண்டாம். பிரிட்ஜின் பீங்கான் பளபளப்பைக் கீறிவிட்டால் கறை இன்னும் வேகமாகப் பிடிக்கும். எலுமிச்சை எனாமலை அரிக்கும். ப்ளீச்சிங் சொந்தப் பல்லைத்தான் வெளுக்கும், பீங்கான் இருந்த நிறத்திலேயே நிற்கும். எப்படியும் பிரிட்ஜை மாற்றப் போகிறீர்களானால் முதலில் ப்ளீச்சிங், பிறகு அந்த நிறத்துக்கு ஏற்ற புதுப் பல். ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாக மாறினால் அது கறையாக இருக்காது, உள்ளே நரம்பு செத்திருக்கலாம்.

கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் சீவல் புகையிலை சேராவிட்டாலும் வாய்ப் புற்றுநோய் தரக்கூடியது. அதை விடச் சொல்லி அம்மாவிடம் இன்னும் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.

4. பிரிட்ஜ் கழன்று கையோடு வந்துவிட்டால் கடைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். சும்மா மாட்டிக்கொண்டு தூங்கவும் கூடாது, தொண்டைக்குள் போய்விடும். கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். உடையாமல், தாங்கும் பற்களும் நன்றாக இருந்தால் அதையே திரும்ப ஒட்டிக் கொடுப்பார்.