கோயிலில் மைக்செட்: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்தவக் கோயிலில் மைக், லைவ், பாட்டு ஸ்லைடு எல்லாம் பார்க்கும் மீடியா டீமில் புதிதாகச் சேரும் பிள்ளைகள், நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். கார்ட்லெஸ் மைக்கில் பேட்டரி தீர்வது, மியூட்டை எடுக்க மறப்பது எல்லாம் நாலு ஞாயிறில் தானாகச் சரியாகிவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

பிரசங்கம் புரியவில்லை என்று பெரிய ஸ்பீக்கர் வாங்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். நெல்லைப் பக்கம் பழைய கற்கோயில் ஒன்று. உயரமான கூரை, வழுவழுவென்ற தரை. பின்வரிசைக்குப் பிரசங்கம் விளங்கவில்லை என்று புகார். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை விட்ட ஏலத்தில் சேர்ந்த பணத்தை எல்லாம் போட்டு, பீடத்துக்கு இருபுறமும் ஆளுயர ஸ்பீக்கரை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஞாயிறு சத்தம் தெருமுனை வரை கேட்டது. பின்வரிசைக்கு மட்டும் முன்னைவிட மோசம்.

அங்கே சத்தம் குறைவே இல்லை, எதிரொலிதான் அதிகம். அந்த மாதிரிக் கட்டடத்தில் ஒலி அடங்க 3 விநாடிக்கு மேலும் ஆகலாம். பாமாலைப் பாட்டுகளுக்கு அது அழகு சேர்க்கும். பேச்சுக்கு 1 விநாடியை ஒட்டி இருந்தால்தான் நல்லது. இல்லையென்றால் முந்தின சொல் அடங்குமுன் அடுத்த சொல் அதன்மேல் வந்து விழும். வால்யூமைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும்.

ஒலி சுவரில் படாமல் ஆட்கள்மேல் விழ வேண்டும். ஒல்லியாக, நெட்டையாக இருக்கும் காலம் (column) ஸ்பீக்கர்களைத் தூண்களில் மாட்டி, உட்கார்ந்திருப்பவர்களின் காதைப் பார்த்துத் திருப்புங்கள். நடுவிலும் பின்னாலும் சின்னதாக வைத்து, குறைவான வால்யூமில் ஓடவிடுங்கள். பின்னால் இருப்பதற்கு டிலே, அதாவது ஒலியைக் கொஞ்சம் தாமதித்து விடுவது, கட்டாயம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். முன் ஸ்பீக்கரிலிருந்து 17 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கருக்கு 50 மில்லி விநாடி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒரே வசனம் இரண்டு தடவை கேட்கும்.

குருவானவர் மைக்குக்குப் பக்கத்தில் நின்று பேசினாலே பாதிப் பிரச்சினை தீரும், அது செலவில்லாத வேலை. அப்புறம், சுவரே எக்கோ கொடுக்கும் இடத்தில் மிக்சரிலும் எக்கோ போடுகிறவர்களை என்ன சொல்வது! சனிக்கிழமை காலிக் கோயிலில் வைத்த செட்டிங்கையும் நம்பி உட்காராதீர்கள். ஆட்கள் நிறைந்தால் அவர்களே ஒலியை உறிஞ்சிக்கொள்வார்கள்.

லைவுக்குக் கேமரா மைக்

வேண்டாம். மிக்சரில் ஒலியைத் தனியாக வெளியே எடுக்க இருக்கும் ஆக்ஸ் அவுட்டிலிருந்து லைவுக்கென்று தனி மிக்ஸ் எடுங்கள். உள்ளே டிரம்ஸ் தானாகவே கேட்பதால் கோயில் ஸ்பீக்கருக்குப் போகும் மெயின் மிக்ஸில் அதைக் குறைத்து வைத்திருப்போம். அதையே லைவுக்கு அனுப்பினால் வீட்டில் பார்ப்பவர்களுக்கு டிரம்ஸே இருக்காது. சபையார் பாடுவதைப் பிடிக்க ஒரு மைக் தனியாக வையுங்கள்.

பாட்டு ஸ்லைடு

பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் தட்டிய ஃபைல் வேறு லேப்டாப்பில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். யூனிகோடுக்கு மாற்றுங்கள். கடைசி வார்த்தையைப் பாடும்போதே அடுத்த ஸ்லைடு வந்துவிட வேண்டும்.

ஜெபத்துக்குப் பின்னணியில் கீபோர்டு

குருவானவர் கேட்டால் மட்டும்.

திருவிருந்து நேரத்தில் கேமரா ஜூம்

அப்பமும் ரசமும் வாங்க முழங்காலில் நிற்பவர் முகத்துக்குப் போகாதீர்கள். வைட் ஷாட் போதும்.