போதைப்பொருள் சதி வழக்கில் அப்பீல்: குடும்பங்கள் செய்யும் தவறுகள்

ஆந்திராவிலிருந்து ஓசூர் வழியாகக் கஞ்சா கொண்டுவரச் சதி செய்ததாகத் தண்டனை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே நிலத்தை அடமானம் வைத்து, "ஹைகோர்ட்டில் ஆள் இருக்கு" என்பவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்குக் கெடு தவறிப்போவது பெரும்பாலும் இங்கேதான். சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போட 60 நாள்தான். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டிருந்தால், அது கிடைக்க ஆன நாள் கணக்கில் கழியும். கெடு தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுப் போடலாம். காரணத்தைத் தேதிவாரியாகச் சொல்ல வேண்டும்.

பணமில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சிறை அதிகாரி வழியாகவே அப்பீல் அனுப்பலாம். சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.

அப்பீல் போட்டால் ஆள் வெளியே வந்துவிடுவார் என்பதும் தப்புக் கணக்கு. தண்டனையை நிறுத்திவைக்கத் தனி மனு வேண்டும். 20 கிலோவுக்கு மேல் கஞ்சா என்றால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (NDPS) பிரிவு 37 குறுக்கே நிற்கும். இவர் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகவும், வெளியே வந்தால் மறுபடி குற்றம் செய்ய மாட்டார் என்றும் நீதிமன்றம் கருத வேண்டும். பிள்ளைகள் சின்னஞ்சிறுசு என்று மட்டும் எழுதினால் போதாது.

பெரிய தவறு அப்பீல் காரணங்களில்தான். "அவன் நல்ல பையன்" என்பது காரணமாகாது. சரக்கு கையில் சிக்காதவரை அதே சட்டத்தின் சதிக்கான பிரிவு 29-இல் சேர்த்திருந்தால், சதிக்கு என்ன சாட்சியம் என்று பாருங்கள். போன் அழைப்புப் பட்டியல் பேசினார்கள் என்றுதான் காட்டும், என்ன பேசினார்கள் என்று காட்டாது. பிரிவு 67-இல் அதிகாரிகள் வாங்கிய வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020-இல் தூபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். இதையெல்லாம் சாட்சி சொன்ன பக்க எண்ணோடு எழுத வேண்டும்.

பலர் பிரிவு 50-ஐயே பிடித்துக்கொள்கிறார்கள். அது ஆளின் உடம்பைச் சோதிப்பதற்கு. லாரியில் இருந்த மூட்டைக்குப் பொருந்தாது. அதைவிட, பரிசோதனைக்குக் கஞ்சா மாதிரி எடுத்த விதத்தையும் முத்திரையையும் துருவிப் பாருங்கள்.

அப்புறம், தீர்ப்பின் கடைசிப் பக்கம். விசாரணையின்போது உள்ளே இருந்த நாட்களைத் தண்டனையில் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் அதையும் அப்பீலில் கேட்கச் சொல்லுங்கள்.