பாவனை விளையாட்டைக் கணினியில் மாதிரியாக்குவது எப்படி?

காலிக் கோப்பையில் தேநீர் இருப்பதுபோல் குழந்தைகள் ஆடுவதுதான் பாவனை விளையாட்டு. சிறிதாகத் தொடங்குங்கள்: இரண்டு காலிக் கோப்பைகள், ஒரு காலிக் கூஜா, ஒரு பொம்மை. நிஜத்துக்கு ஓர் அட்டவணை, பாவனைக்கு இன்னொன்று. பாவனை அட்டவணையில் வேறுபாடுகளை மட்டும் எழுதுங்கள். 'கூஜா: தேநீர்' என்பதே முதல் வரி. எதைக் கேட்டாலும் நிரல் முதலில் பாவனையைப் பார்க்கட்டும், அங்கே இல்லையென்றால் நிஜத்தை. நிஜத்தை முழுசாக நகலெடுத்து வைத்தால், நடுவில் யாராவது கோப்பையை நகர்த்தினாலும் பாவனைக்குத் தெரியாது.

காரண விதிகள் இரண்டுக்கும் பொது: ஊற்றினால் நிரம்பும், கவிழ்த்தால் சிந்தும், கீழே இருப்பது நனையும். விளைவு எந்த அட்டவணையில் விழுகிறது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பாவனைத் தேநீர் சிந்தி நிஜ அட்டவணையில் பொம்மை நனைந்தால் மாதிரி கெட்டது. குழந்தையின் மனம் பாவனையை நிஜத்திலிருந்து துண்டித்து வைக்கிறது என்று உளவியலாளர் ஆலன் லெஸ்லி 1987இல் சொன்னது இதற்காகத்தான்.

சோதனையும் அவர் வழியிலேயே: இரண்டு கோப்பைகளிலும் ஊற்றுவதுபோல் செய்து, ஒன்றைக் கவிழ்த்து நிமிர்த்தி, "எது காலி?" என்று கேளுங்கள். நிஜத்தில் இரண்டும் காலிதான்; ஆனாலும் இரண்டு வயதுக் குழந்தை கவிழ்த்ததையே காட்டும், அழகான விஷயம் இது! நிரல் "இரண்டும்" என்றால், கூஜா வரி விடுபட்டிருக்கும், அல்லது தேடும் வரிசை தலைகீழாகியிருக்கும்.

விளையாட்டு முடிந்ததும் பாவனை அட்டவணையை அழித்துவிடுங்கள்.