பக்கத்து ஃபிளாட்டையும் சேர்த்து ஒரே வீடாக்க: டர்பனிலிருந்து சில யோசனைகள்

இரண்டு ஃபிளாட்டைச் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் நடுச்சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள். அதற்கு முன் பத்திரத்தைப் பாருங்கள். டர்பனின் ஓவர்போர்ட் பகுதியில் ஒரு ஃபிளாட் என் பெயரிலும், அடுத்தது அம்மா பெயரிலும் இருந்தன. செக்‌ஷனல் டைட்டில் என்ற தென்னாப்பிரிக்க அடுக்குமாடிச் சொத்துச் சட்டப்படி இரண்டையும் ஒன்றாக்க, இரண்டுக்கும் உரிமையாளர் ஒருவரே ஆக வேண்டும். அதனால் அம்மாவிடமிருந்து நான் முறைப்படி வாங்கினேன். 2025 ஏப்ரல் முதல் விலை 12,10,000 ராண்டுக்கு மேல் போனால்தான் டிரான்ஸ்ஃபர் டியூட்டி, அதாவது சொத்து கைமாறும்போது கட்டும் வரி. பெயர் மாறினாலும், அம்மா தன் ஆயுள் முழுக்க அங்கே வாழும் உரிமையைத் தனியே பதியலாம். இதைப் பத்திரப் பதிவு செய்யும் வக்கீலான கன்வேயன்சரிடம் கட்டாயம் கேளுங்கள். பெற்ற தாய் பிள்ளையின் தயவில் இருப்பதாக நினைக்கக் கூடாது.

அப்புறம் கட்டட நிர்வாகக் குழுவான டிரஸ்டிகளின் சம்மதம். தகுந்த காரணம் இல்லாமல் அவர்கள் மறுக்க முடியாது. வீட்டுக் கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். லேண்ட் சர்வேயர் போடும் வரைபடம் அரசின் சர்வேயர் ஜெனரல் ஒப்புதல் பெற்று, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திர அலுவலகத்தில் பதிவாகும். கட்டடத்தில் இரண்டு வீட்டுக்கும் உள்ள பங்கு விகிதம் ஒன்றாகக் கூட்டப்படும். அந்த விகிதப்படி வரும் பராமரிப்புக் கட்டணமான லெவி குறையும் என்று கணக்குப் போடாதீர்கள்.

சுவருக்கு வருவோம். கான்கிரீட் தூண் எழுப்பிய கட்டடத்தில் நடுச்சுவர் வெறும் செங்கல் அடைப்பாக இருக்கலாம். பழைய கட்டடங்களில் அதே சுவர் மேல்மாடியின் ஸ்லாபைத் தாங்கியும் நிற்கும். பார்த்தால் தெரியாது. ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரின் கடிதமும் டர்பனின் எத்தெக்வினி மாநகராட்சியின் பிளான் ஒப்புதலும் கையில் வரும்வரை சுத்தியலைத் தொடவே வேண்டாம். மேலே குடியிருப்பவர்களின் உயிர் அது. முழுச் சுவரையும் எடுக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். மேல் பாரம் தாங்கும் லிண்டல் போட்டு, சக்கர நாற்காலி தாராளமாகப் போகும் அகலத்தில் ஒரு திறப்பு போதும். இரண்டு பக்கத் தரையும் ஒரே மட்டமா என்று முன்கூட்டியே அளந்துவிடுங்கள். அரை அங்குல மேடுகூட வயதானவர் காலைத் தடுக்கும்.

குளியலறையையும் சமையலறையையும் இடம் மாற்ற வேண்டாம். கழிவுக் குழாய் மாடிக்கு மாடி நேராக இறங்குகிறது, அதை நகர்த்தினால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கசியலாம். எங்கள் இரண்டாவது சமையலறையை, பிளானில் அனுமதி வாங்கி, அப்படியே வைத்துக்கொண்டோம். புரட்டாசி விரதத்துக்கும் காவடிக்கும் சமைக்கும் பானைகள் அங்கேதான் இருக்கின்றன, கவிச்சி அந்தப் பக்கமே போகாது.

மின்சாரத்துக்கு இரண்டு டிபி போர்டு, அதாவது மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பெட்டி, இருக்கும். பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து வேலை முடித்து, வேலை விதிப்படி இருக்கிறது என்ற காம்ப்ளையன்ஸ் சான்றிதழ் வாங்கி வையுங்கள். இரண்டாவது வாசல் கதவை அடைத்துவிடாதீர்கள். தீ விபத்து என்றால் வெளியேற இன்னொரு வழி அது. வேலை முடிந்ததும் வீட்டு உரிமையாளர்கள் அமைப்பான பாடி கார்ப்பரேட்டின் காப்பீட்டிலும் மாற்றத்தைச் சொல்லிப் பதியுங்கள்.