'கம்பீட்': போட்டியைச் சொல்லும் ஆங்கில வினையை உருபு பிடித்துப் பழகும் வழி

'கம்பீட்' என்றால் போட்டியிடு. இந்தப் பொருள் தெரியாதவர்கள் குறைவு. வெளிநாட்டு ஆர்டருக்கு மின்னஞ்சல் எழுதும் கொலுசு வியாபாரியும், ஜவ்வரிசி ஆலை அலுவலகத்தில் இருப்பவரும், அரசுத் தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் இடறுவது பொருளில் அல்ல, அதற்குப் பின்னால் வரும் சின்னச் சொல்லில். வித், அகெய்ன்ஸ்ட், ஃபார், இன், அட், ஆன் ஆகிய ஆறும் கைவந்தால் முக்கால் வேலை முடிந்தது.

முதலில் ஒரு விதி. 'கம்பீட்' செயப்படுபொருள் குன்றிய வினை. 'அவனைப் போட்டியிட்டேன்' என்று தமிழில் சொல்வோமா? 'அவனோடு', 'அவனை எதிர்த்து' என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்திலும் அப்படியே. 'ஐ கம்பீட்டட் ஹிம்' தவறு. 'ஐ கம்பீட்டட் வித் ஹிம்' சரி. வினைக்கு அடுத்து நேராக ஆள் பெயரோ பொருள் பெயரோ வந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள்.

வாக்கியம் எழுதுமுன் தமிழில் சொல்லிப் பார்த்து, உருபைக் கவனியுங்கள். 'ஓடு' வந்தால் வித். 'எதிர்த்து' வந்தால் அகெய்ன்ஸ்ட். இந்த இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. விளையாட்டில் அகெய்ன்ஸ்ட் இன்னும் தெளிவாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: 'ஈரோடு அணியோடு ஆடினேன்' என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள் வரலாம். 'ஐ கம்பீட்டட் வித் தி ஈரோடு டீம்' என்றால் பெரும்பாலும் எதிரணியாக ஆடியதாகவே படிப்பார்கள். அந்த அணிக்குள் இருந்து ஆடியிருந்தால் 'ஃபார் தி ஈரோடு டீம்' என்று எழுத வேண்டும்.

'-க்கு', '-க்காக' வந்தால் ஃபார். அதிகம் சறுக்கும் இடம் இதுதான். பள்ளியில் 'கு' உருபுக்கு 'டு' என்று மனப்பாடம் செய்ததால், 'கோப்பைக்குப் போட்டியிட்டார்கள்' என்பது 'கம்பீட்டட் டு தி கப்' ஆகிவிடுகிறது. 'கம்பீட்டட் ஃபார் தி கப்' என்பதே சரி. 'டு' வரலாம், ஆனால் அதன் பின் வினைச்சொல் வேண்டும்: 'கம்பீட் டு வின்'.

'-இல்' கொஞ்சம் கவனம் கேட்கும். போட்டியின் பெயர் என்றால் இன். பெரிய விளையாட்டு விழாவின் பெயர் என்றால் அட். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அவரைப் பற்றி இப்படி எழுதலாம்: 'மாரியப்பன் கம்பீட்டட் ஃபார் இந்தியா இன் தி ஹை ஜம்ப் அட் தி ரியோ பாராலிம்பிக்ஸ்.' ஒரே வாக்கியத்தில் மூன்று சின்னச் சொற்களும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. இதை மட்டும் பாடம் செய்து, ஆள், நாடு, பந்தயம், விழா ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பத்து வாக்கியம் எழுதிப் பாருங்கள். இங்கே 'ஃபார் இந்தியா' என்றால் இந்தியாவின் சார்பில். 'ஃபார் தி மெடல்' என்றால் பதக்கத்தை அடைவதற்கு. நம் 'இந்தியாவுக்காக', 'பதக்கத்துக்காக' இரண்டும் அதே வேலையைத்தான் செய்கின்றன என்பதால் இதில் குழப்பம் வராது.

வியாபாரத்தில் '-இல்' ஆன் ஆகிவிடும். 'விலையில் போட்டி' என்பது 'கம்பீட் ஆன் ப்ரைஸ்'. தரத்தில் என்றால் 'ஆன் குவாலிட்டி'. மரவள்ளி மாவு ஆலைக்காரர் எழுத வேண்டிய வாக்கியம்: 'டேப்பியோக்கா ஸ்டார்ச் கம்பீட்ஸ் வித் மெய்ஸ் ஸ்டார்ச் ஆன் ப்ரைஸ்.' விலைக்கும் பரிசுக்கும் ஆங்கிலச் சொல் நம் வாயில் ஒன்றுபோலவே 'ப்ரைஸ்' என்று வரும். பரிசின் கடைசி ஒலி வண்டு ரீங்காரம் போல அதிர வேண்டும். அது வராவிட்டாலும் ஆன் என்றால் விலை, ஃபார் என்றால் பரிசு என்று கேட்பவர் பிரித்துக்கொள்வார். ஆகவே சின்னச் சொல்லை விழுங்காமல் சொல்லுங்கள்.

'கான்ட் கம்பீட் வித்' என்றால் ஈடாகாது, பக்கத்தில்கூட நிற்க முடியாது. இயந்திரத்தில் செய்ததைவிடக் கைமுறுக்கே மேல் என்று சொல்ல, 'மெஷின் முறுக்கு கான்ட் கம்பீட் வித் ஆட்டையாம்பட்டி கைமுறுக்கு' என்றால் போதும்.

இனி இதன் பங்காளிச் சொற்கள். போட்டியாளரைக் குறிக்கும் 'ரைவல்' என்ற சொல்லுக்கு லத்தீனில் மூலப்பொருள், ஒரே ஓடையின் நீரைப் பங்கிடுகிறவர். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் 'பங்காளி'யும் அதே வழியில் உறவும் பகையுமாக நிற்கும் சொல். ஆனால் வினையாக வரும்போது 'ரைவல்' சண்டையைச் சொல்வதில்லை. 'ஈடுகொடு' என்பதே பொருள். இதற்குச் சின்னச் சொல் கூடாது: 'சேலம் மல்கோவா ரைவல்ஸ் எனி மேங்கோ.' 'ரைவல்ஸ் வித்' என்று எழுதாதீர்கள்.

தேர்தலுக்கு 'கன்டெஸ்ட்'. இதற்கும் சின்னச் சொல் வேண்டாம்: 'ஷீ கன்டெஸ்டட் தி ஏற்காடு சீட்.' பெயர்ச்சொல்லானால் முதல் அசையிலும், வினையானால் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும். அபராதத்தையோ உயிலையோ 'கன்டெஸ்ட்' செய்வது என்றால் செல்லாது என்று எதிர்ப்பது.

'கன்டெண்ட் வித்' ஏமாற்றும் சொல். பெரும்பாலும் அது எதிராளியைக் குறிக்காது, தொல்லையைச் சமாளிப்பதைக் குறிக்கும். ஏற்காட்டு அராபிகா காபித் தோட்டக்காரர்கள் தண்டுத் துளைப்பான் பூச்சியோடு மல்லுக்கட்டுவதற்கு இந்தச் சொல்லே பொருந்தும், 'கம்பீட்' பொருந்தாது.

'வை' என்ற ஆங்கில வினைக்கும் போட்டியிடு என்றே பொருள். பத்திரிகைத் தலைப்புக்கு ஏற்ற குட்டிச் சொல். 'வித்', 'ஃபார்' இரண்டும் இதற்கும் பொருந்தும். எழுத்தில்தான் பொறி: வி, ஐ, இ என்று எழுதும் சொல், நடப்பதைச் சொல்லும்போது வி, ஒய், ஐ, என், ஜி ஆகும்.

கடைசியாக, 'போட்டி வைத்தார்கள்' என்பதைக் 'கெப்ட் எ காம்படிஷன்' என்று எழுதுகிறார்கள். 'ஹெல்ட்' என்பதே சரி. 'போட்டி போட்டார்கள்' என்றால் 'கம்பீட்டட்' என்ற ஒரே சொல் போதும். எழுதி முடித்ததும் எழுத்துக்கூட்டலை ஒருமுறை பாருங்கள்: இடையில் ஓர் 'எல்' நுழைந்தால் 'கம்ப்ளீட்', அதாவது 'முடி' ஆகிவிடும். அதுவும் சரியான சொல்லே என்பதால் கணினி சிவப்புக் கோடு போடாது.