கண்மாய்ல பறவை பார்க்கப் போறவுக காலுக்குக் கீழயும் பாருங்க

பங்குனி சித்திரைல சாமநத்தம், வண்டியூர்னு நம்ம மதுரைப் பக்கம் கண்மாய்க்கு பறவை பார்க்கப் போறவுக ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, மரத்துல இருக்கிற கூடு எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சுரும், தரையில இருக்கிறதுதான் மிதிபடும். ஆள்காட்டி குருவி பெருசா கூடெல்லாம் கட்டாது. தண்ணி வத்துன இடத்துல லேசா ஒரு குழி, சுத்தி கொஞ்சம் பொடிக்கல்லு, ஆட்டுப் புழுக்கை, நடுவுல பெரும்பாலும் 4 முட்டை, கருப்பு திட்டு விழுந்து அசல் மண்ணாங்கட்டி மாதிரியே கிடக்கும்.

அது தலைக்கு மேல சுத்தி சுத்தி விடாம கத்துச்சுன்னா கூடோ குஞ்சோ பக்கத்துலதான் இருக்கு. தேடாதீங்க ப்ளீஸ், வந்த வழியிலயே கீழ பார்த்துக்கிட்டே திரும்பிருங்க. நம்ம ஊரு வெயில் முட்டைக்கு ஆகவே ஆகாது, அதான் அதுக வயித்து இறகை தண்ணில நனைச்சுட்டு வந்து முட்டை மேல உக்காந்து சூட்டைத் தணிக்கும், நாம போட்டோவுக்காக அங்கிட்டே நின்னோம்னா அது வந்து உக்கார முடியாது, காக்கா வேற எப்படா நேரம் கிடைக்கும்னு பார்த்துக்கிட்டு இருக்கும்.

விடிஞ்சதும் போங்க, கரை மேலயே நில்லுங்க, 8க்கு 42 பைனாகுலர் (8 மடங்கு பெருசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ.) தாராளமா போதும். நாயை கூட்டிட்டுப் போகாதீங்க. கூடு போட்டோவ லொகேஷனோட குரூப்ல போடவே போடாதீங்க.