புகையிலையை நிறுத்த நோயாளிக்கு எப்படி உதவுவது? முதல் கேள்வியிலிருந்து மூன்றாம் மாதம் வரை

ரத்த அழுத்தம் 170 இருப்பவரிடம் "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லி யாரும் அனுப்புவதில்லை. மாத்திரை எழுதுகிறோம், இரண்டு வாரத்தில் வரச் சொல்கிறோம், குறையாவிட்டால் அளவைக் கூட்டுகிறோம். புகையிலை என்று வந்துவிட்டால் மட்டும் "சிகரெட்டை விட்டுடுங்க" என்பதோடு பல இடங்களில் சிகிச்சை முடிந்துபோகிறது. அந்த ஒரு வரிக்கும் பலன் உண்டு. ஆனால் நோயாளி திரும்பத் திரும்பத் தோற்பதற்குப் பெரும்பாலும் மன உறுதி இல்லாதது காரணமில்லை. போதாத அளவில் மருந்து கொடுப்பதும், முதல் வாரத்தில் யாரும் விசாரிக்காமல் விடுவதும்தான் காரணம். இந்த இரண்டையும் சரிசெய்யத் தெரிந்த செவிலியர், மருந்தாளுநர், பல் மருத்துவர் யாராக இருந்தாலும் நன்றாக உதவ முடியும்.

படி 1: எல்லோரிடமும், ஒவ்வொரு முறையும் கேளுங்கள்

"புகை பிடிப்பீங்களா?" என்று கேட்டால், புகையிலை மெல்லுபவர் "இல்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, கேள்விதான் தவறு. இருமலுக்குப் பயந்து நேற்று முன்தினம் நிறுத்தியவரும் "இல்லை" என்றுதான் சொல்வார். இப்படிக் கேளுங்கள்:

"புகைக்கிறது, மெல்லுறது, பொடி போடுறது, எந்த விதத்துலயாவது புகையிலை பழக்கம் இருக்கா? கடைசியா எப்போ பயன்படுத்துனீங்க?"

விடையை நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எழுதும் அதே வரிசையில் எழுதுங்கள். தனித் தாளில் எழுதினால் அடுத்த முறை யார் கண்ணிலும் படாது. இளைஞர்களிடமும் குடும்பத்தோடு வரும் பெண்களிடமும் தனியாக இருக்கும்போது கேளுங்கள். கூட வந்தவர் முன்னால் உண்மை வராது.

படி 2: அரை நிமிடத்தில் தெளிவாகச் சொல்லுங்கள்

சுருக்கமான ஆலோசனைக்கு 30 வினாடி முதல் 3 நிமிடம் வரை போதும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. அந்த நேரத்தில் பொதுவான பிரசங்கம் எடுபடாது. அன்று அவர் எதற்காக வந்தாரோ அதோடு முடிச்சுப் போடுங்கள்:

"உங்களுக்கு மூணு மாசமா இருமல் விடல. முக்கியக் காரணம் சிகரெட்தான். மருந்து தர்றேன். ஆனா சிகரெட்டை நிறுத்துறதுதான் இதுக்குப் பெரிய வைத்தியம். அதுக்கு நானும் கூட இருந்து உதவுறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இதுவும் ஒரு கண்டிப்பாகவே போய்விடும்.

"இத்தனை வருஷம் ஆச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?" என்பவருக்குச் சொல்ல நல்ல செய்தி இருக்கிறது. நிறுத்தி ஓராண்டில், புகைத்ததால் கூடிய இதய நோய் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ரிச்சர்ட் டாலும் சக ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-ல் வெளியிட்ட முடிவுப்படி, 30 வயதில் நிறுத்தினால் சுமார் 10 ஆண்டு ஆயுள் மிச்சம். 40-ல் 9, 50-ல் 6, 60-ல்கூட 3 ஆண்டு. அவருடைய வயதுக்கு உரிய ஓர் எண்ணை மட்டும் சொல்லுங்கள். பட்டியலை ஒப்பிக்க வேண்டாம்.

மெல்லுபவராக இருந்தால் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், மூன்று விரல் நுழையாத அளவுக்குத் திறக்க முடியாத வாய் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே பல் அல்லது வாய் நோய் மருத்துவருக்கு அனுப்புங்கள். பல் மருத்துவர் அதை அவருக்கே கண்ணாடியில் காட்டலாம். எந்த எச்சரிக்கைப் படத்தையும்விட அது ஆழமாகப் பதியும்.

படி 3: அடிமைத்தனத்தை இரண்டு கேள்விகளால் அளவிடுங்கள்

முதல் கேள்வி: தூங்கி எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? 5 நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண், 6 முதல் 30 நிமிடம் 2, 31 முதல் 60 நிமிடம் 1, அதற்குப் பிறகு 0.

இரண்டாவது: ஒரு நாளைக்கு எத்தனை? 10 வரை 0, 11 முதல் 20 வரை 1, 21 முதல் 30 வரை 2, அதற்கு மேல் 3.

கூட்டினால் 0–2 குறைவு, 3–4 நடுத்தரம், 5–6 கடும் அடிமைத்தனம். இரண்டில் முதல் கேள்விதான் அதிகம் பேசும். எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்பவர்கள்கூட விடியற்காலைச் சிகரெட்டை மறைப்பதில்லை. மெல்லுபவரிடம், எழுந்தவுடன் போடுகிறாரா, சாற்றை விழுங்குகிறாரா, வாயில் அடக்கிக்கொண்டே தூங்குகிறாரா என்று கேளுங்கள்.

அடுத்து: "ஒரு மாசத்துக்குள்ள நிறுத்திப் பார்க்கலாமா?" தயங்கினால், முடியும் என்ற நம்பிக்கைக்கு பத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவார் என்று கேளுங்கள். "நாலு" என்றால், "ஏன் ஒண்ணு போடாம நாலு போட்டீங்க?" என்று கேட்க வேண்டும். "ஏன் பத்து இல்ல?" என்று கேட்டால் விட முடியாததற்கான காரணங்களை அடுக்குவார். முதல் கேள்விக்கு, விட முடியும் என்பதற்கான காரணங்களை அவர் வாயாலேயே சொல்வார். இன்னும் தயாரில்லை என்றால் வற்புறுத்தாமல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அடுத்த முறையும் கேளுங்கள்.

படி 4: நாள் குறியுங்கள்

இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி. அதை நோயாளியே சொல்ல வேண்டும், நீங்கள் எழுத வேண்டும். படிப்படியாகக் குறைப்பதைவிட, குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்துவதுதான் பெரும்பாலோருக்கு நன்றாகப் பலிக்கிறது. முந்தின இரவே மிச்சமிருக்கும் பாக்கெட், லைட்டர், சாம்பல் கிண்ணம் எல்லாம் வீட்டை விட்டுப் போக வேண்டும். "அவசரத்துக்கு ஒண்ணு இருக்கட்டும்" என்று எடுத்து வைக்கும் அந்த ஒன்றுதான் மூன்றாம் நாள் கைக்கு வரும். முதல் சில வாரங்கள் மதுவைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மது உள்ளே போனதும் முடிவு தளர்ந்துவிடும்.

படி 5: மருந்தை முழு அளவில் கொடுங்கள்

இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. "நிக்கோட்டினை விடத்தானே சொல்றீங்க, அப்புறம் ஏன் நிக்கோட்டினே தர்றீங்க?" என்று நோயாளி கேட்பார். அடிமைப்படுத்துவது நிக்கோட்டின். புற்றுநோயையும் நுரையீரல் நோயையும் தருவது பெரும்பாலும் புகையிலுள்ள மற்ற நச்சுகள். புகையை இழுத்தால் சில வினாடிகளில் நிக்கோட்டின் மூளைக்கு ஏறிவிடும். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையான பேட்ச் அதை மெதுவாக, சீராகக் கொடுக்கும். அந்த வேகம் இல்லாததால்தான் அதை விடுவது எளிது. இதை விளக்காவிட்டால் பாதி அளவில் போட்டுவிட்டு "எனக்கு இது ஒத்துக்கல" என்று வருவார்.

*பேட்ச்.* நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் என்றால் 21 மி.கி. 6 வாரம், பிறகு 14 மி.கி. 2 வாரம், 7 மி.கி. 2 வாரம். 10 வரை என்றால் 14 மி.கி.-யில் தொடங்கி 6 வாரம், பிறகு 7 மி.கி. 2 வாரம். மேல்கையிலோ நெஞ்சின் மேல்பகுதியிலோ முடியில்லாத, உலர்ந்த தோலில் ஒட்டி, உள்ளங்கையால் 10 வினாடி அழுத்த வேண்டும். தினமும் இடம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் தோல் சிவந்து அரிக்கும். தூக்கம் கெட்டால் இரவில் எடுத்துவிடலாம். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்துக் குழந்தைகளுக்கு எட்டாமல் போடச் சொல்லுங்கள். அதில் இன்னும் நிக்கோட்டின் மிச்சமிருக்கும்.

*நிக்கோட்டின் சூயிங்கம்.* எழுந்து 30 நிமிடத்துக்குள் புகைப்பவருக்கு 4 மி.கி., மற்றவருக்கு 2 மி.கி. முதல் 6 வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்குக் குறைந்தது 9, அதிகபட்சம் 24. சாதாரண சூயிங்கம் போல மென்றால் வேலை செய்யாது. உங்கள் முன்னாலேயே ஒன்றைப் போடச் சொல்லிக் காட்டுங்கள்: மெதுவாக மெல்லவும். நாக்கில் சுள்ளென்று காரம் வந்ததும் நிறுத்தவும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்கவும். காரம் அடங்கியதும் மறுபடி நாலைந்து தடவை மென்று, வேறு பக்கம் ஒதுக்கவும். இப்படி அரை மணி நேரம். நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாக ஏற வேண்டும். விடாமல் மென்று விழுங்கினால் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல்தான் மிஞ்சும், ஏக்கம் தணியாது. காபி, பழச்சாறு, சோடா போன்ற அமிலத்தன்மை உள்ள பானங்கள் இந்த உறிஞ்சலைக் கெடுக்கும். போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது.

கடும் அடிமைத்தனம் உள்ளவருக்கு இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். பேட்ச் அடித்தளம், திடீரென ஏக்கம் எழும்போது சூயிங்கம். ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட இது கூடுதல் பலன் தருவது ஆய்வுகளில் உறுதிப்பட்டது. அண்மையில் மாரடைப்பு வந்தவர், நெஞ்சுவலி அடங்காதவர் என்றால் மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும்.

*வரெனிக்லின்.* இது ஏக்கத்தைக் குறைக்கும், நிக்கோட்டின் இல்லாத மாத்திரை. நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். முதல் 3 நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, 4 முதல் 7-ம் நாள் வரை 0.5 மி.கி. இரு வேளை, 8-ம் நாளிலிருந்து 1 மி.கி. இரு வேளை, மொத்தம் 12 வாரம். குமட்டல்தான் முக்கியத் தொந்தரவு. சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டால் பெரும்பாலும் அடங்கும். விசித்திரமான கனவு வந்தால் இரவு மாத்திரையை மாலையிலேயே போடலாம். சிறுநீரகச் செயல்பாடு மிகக் குறைந்தவருக்கு அளவைப் பாதியாக்க வேண்டும். மனநலம் கெடும் என்ற பயம் முன்பு இருந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2016-ல் வந்த ஈகிள்ஸ் ஆய்வில், மனநோய் உள்ளவர்களிடமும் அப்படிக் குறிப்பிடத்தக்க கூடுதல் ஆபத்து தெரியவில்லை. அந்த ஆண்டே அமெரிக்க மருந்து ஆணையம் மருந்தின் விவரக் குறிப்பில் இருந்த கட்டமிட்ட எச்சரிக்கையை நீக்கியது. ஆனாலும் மனநிலை மாறினால் உடனே சொல்லச் சொல்லுங்கள்.

ஒரேயடியாக நிறுத்தத் தயாரில்லாதவருக்கும் இது உதவும். மாத்திரையோடு, சிகரெட் எண்ணிக்கையை முதல் 4 வாரத்தில் பாதியாக, அடுத்த 4 வாரத்தில் அதிலும் பாதியாகக் குறைத்து, 12-ம் வாரத்துக்குள் நிறுத்தலாம். அப்போது மருந்து 24 வாரம்.

*புப்ரோபியான்.* இதுவும் நிக்கோட்டின் இல்லாத மாத்திரை. 150 மி.கி. காலையில் 3 நாள், பிறகு இரு வேளை, இடையே 8 மணி நேரமாவது இருக்க வேண்டும். வலிப்பு வந்தவருக்கும், உணவு உண்ணும் முறையில் மனநலக் கோளாறு உள்ளவருக்கும், மதுவைத் திடீரென நிறுத்துபவருக்கும் கொடுக்கவே கூடாது. சைட்டிசின் என்ற மாத்திரை கிடைக்கும் நாடுகளில் அதுவும் ஒரு வழி, வழக்கமான திட்டம் 25 நாள். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் நிக்கோட்டின் மாற்று (பேட்ச், சூயிங்கம் போன்றவை), வரெனிக்லின், புப்ரோபியான், சைட்டிசின் ஆகிய நான்கையும் பரிந்துரைக்கிறது. மெல்லும் புகையிலைக்கு நிக்கோட்டின் மாற்று அல்லது வரெனிக்லின். கர்ப்பிணிக்கு முதலில் ஆலோசனை சிகிச்சையும் அடிக்கடி சந்திப்பும்தான்.

பலர் கவனிக்காமல் விடும் ஒன்று: புகையிலுள்ள பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை வேகப்படுத்தி வைத்திருக்கும். புகை நின்றதும் வேகம் குறையும். மனநோய்க்கான குளோசபின், ஒலான்சபின், ஆஸ்துமா போன்றவற்றுக்கான தியோபிலின் சாப்பிடுபவரின் ரத்தத்தில் மருந்தளவு சில நாட்களிலேயே ஏறலாம். நிறுத்தும் நாளைக் குறிக்கும்போதே, அந்த மருந்தை எழுதும் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தம் உறையும் நேரத்தையும், இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரையையும் அடிக்கடி பாருங்கள். நொதியில் வரும் இந்த மாற்றத்துக்குக் காரணம் புகை, நிக்கோட்டின் இல்லை. ஆகவே பேட்ச் போட்டாலும் இது நடக்கும், மெல்லுபவருக்கு நடக்காது.

படி 6: முதல் வாரத்துக்குத் தயார்படுத்துங்கள்

எரிச்சல், தூக்கமின்மை, பசி, கவனச் சிதறல் எல்லாம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்கு வந்து, மூன்று நான்கு வாரத்தில் தணியும். இதை முன்கூட்டியே சொன்னால் "உடம்புக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று பயந்து திரும்பமாட்டார். "வாய் நமநமன்னு இருக்கு" என்பது ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான் நீடிக்கும். அந்த நேரத்தைத் தள்ளிப்போடுவது, ஆழமாக மூச்சு விடுவது, தண்ணீர் குடிப்பது, எழுந்து வேறு வேலை பார்ப்பது ஆகிய நான்கையும் எழுதிக் கொடுங்கள்.

அதே நொதிக் காரணத்தால், நிறுத்திய பிறகு அதே காபி இரு மடங்கு வேலை செய்யும். படபடப்பையும் தூக்கமின்மையையும் சிகரெட் இல்லாததன் குற்றமாக அவர் நினைப்பார். காபியைப் பாதியாக்கச் சொல்லுங்கள். இருமல் சில வாரம் கூடலாம், எடையும் முதல் ஆண்டில் சராசரியாக 4–5 கிலோ ஏறக்கூடும். இரண்டையும் மறைக்காதீர்கள். மறைத்தால் உங்கள் மேலுள்ள நம்பிக்கை போய்விடும்.

படி 7: நீங்களே கூப்பிடுங்கள்

நிறுத்திய முதல் வாரத்துக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு, இரண்டாம் வாரம், ஒரு மாதம், மூன்று மாதம். முதல் அழைப்பு மூன்றாம் நாள் போனால் மிக நல்லது. மூன்று கேள்வி போதும்: "ஒரு இழுப்பாவது இழுத்தீங்களா? மருந்தை எப்படிப் போடுறீங்க? எந்த நேரம் கஷ்டமா இருக்கு?" இரண்டாவது கேள்விக்கான விடையில்தான் பெரும்பாலான தோல்விக்குக் காரணம் இருக்கும். மூன்று சூயிங்கம் மட்டும் போட்டிருப்பார், இல்லை பேட்சைத் தாமே நிறுத்தியிருப்பார்.

மூச்சில் கார்பன் மோனாக்சைடு பார்க்கும் கருவி இருந்தால் ஊதச் சொல்லுங்கள். ஓரிரு நாளிலேயே எண் இறங்குவதை அவரே பார்ப்பார். பொய்யைப் பிடிக்கும் கருவியாக அதைப் பயன்படுத்தாதீர்கள். சந்தேகப்படுகிறோம் என்று தெரிந்தால் அடுத்த முறை வரமாட்டார்.

ஒன்று பிடித்துவிட்டேன் என்றால் கோபிக்க வேண்டாம். எங்கே, யாருடன், எந்த நேரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். பேட்ச் ஒட்டியபடி ஒரு சிகரெட் பிடித்ததாலேயே பேட்சைக் கழற்றிவிடுவது வழக்கமான தவறு. அதே அளவில் தொடரச் சொல்லுங்கள், அளவு போதாவிட்டால் சூயிங்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். முழுதாகத் திரும்பிவிட்டாலும், அடுத்த தேதியை அன்றே கேட்டு, பழைய தேதிக்குக் கீழே எழுதுங்கள்.